கயிற்றை விட்டது யார்?

எங்கள் கம்பெனி அச்சு மை விற்கிறது. கோலாலம்பூரில் அச்சு இயந்திரக் கண்காட்சிக்கு ஒருவரை அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆபீஸில் அடிதடி. மற்றவர்களுக்கு அங்கே வாங்குவதற்கு டேப் ரெக்கார்டர் இருந்தது, தைலம் இருந்தது, மச்சினிக்குக் கைக்கடிகாரம் இருந்தது. எனக்கு ஒரு பேய் இருந்தது. மேலதிகாரியிடம் மையின் எதிர்காலம் பற்றி அரை மணி நேரம் பேசி அந்தப் பயணத்தை நானே வாங்கிவிட்டேன். அவர் என் கம்பெனிப் பற்றை நினைத்து நெகிழ்ந்துபோனார்.

பேயின் பெயர் மூழ்கியவன். ஆங்கிலக் காமிக்ஸ். துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகத்தைப் பழுது பார்க்க நீருக்குள் இறங்குகிறவன் அவன். மேலே கயிற்றைப் பிடித்திருந்த யாரோ அதை விட்டுவிட, உள்ளேயே செத்துப்போகிறான். கடலே அவன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. அன்றிலிருந்து இருட்டியதும் கரையேறி வருவான். கிழிந்த வலைதான் மேலங்கி. ஒரு கண் இருக்க வேண்டிய இடத்தில் நண்டு. கடத்தல்காரன், கொலைகாரன் எவன் கையில் கிடைத்தாலும் நெஞ்சில் கை வைப்பான், அந்த ஆளின் வாயிலிருந்து உப்புத் தண்ணீர் கொட்டும். மற்ற நாயகர்கள் இறுக்கமான சட்டை போட்டுக்கொண்டு வானத்தில் நீந்துகிற காலத்தில் இவன் சேற்றில் காலை இழுத்து இழுத்து நடந்தான். ஒவ்வொரு இதழின் கடைசிக் கட்டத்திலும் படிக்கிறவனைப் பார்த்துக் கேட்பான்: கயிற்றை விட்டது யார்?

சென்னையின் பழைய புத்தகக் கடைகளில் நானும் நண்பன் நாகராஜனும் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்தோம். மொத்தம் பதின்மூன்றுதான் வந்தன என்று, சேகரிப்பவர்களுக்காகப் போட்ட விலை விவரப் புத்தகம் ஒன்றில் பார்த்தோம். எந்த இதழ் என்ன விலை, மூலை மடங்கியிருந்தால் எவ்வளவு குறையும் என்றெல்லாம் அதில் இருந்தது. கதை என்ன என்று ஒரு வரி கிடையாது. காமிக்ஸை நிலம் மாதிரி வாங்கிப்போடுகிறவர்கள் எழுதியது, வேறு எப்படி இருக்கும்?

மூழ்கியவனின் பெண்டாட்டிதான் கயிற்றை விட்டாள் என்பான் நாகராஜன். கூட்டாளிதான் என்பேன் நான். பல வருஷமாக இந்தச் சண்டை. நாங்கள் பேசாத இன்னொன்றும் உண்டு. நாகராஜனுடைய அண்ணன் மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. அது நடந்து கொஞ்ச நாளில்தான் நாகராஜன் மூழ்கியவனின் முதல் இதழை ஒரு நடைபாதைக் கடையில் எடுத்தான். விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்தவன், "பதின்மூணு கெடைக்கலன்னாலும் பரவால்ல. எங்கயாவது படிச்சிட்டு வந்து யாருன்னு சொல்லிடு" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

பிரிக்பீல்ட்ஸில் தங்கினேன். தூங்க விடாமல் ரயில் போகிற இடத்துக்குப் பக்கத்தில் விடுதி கட்டுவதில் நம் ஆட்கள் எங்கே போனாலும் கெட்டிக்காரர்கள்தான். காலையில் தோசை கேட்டேன். தோசை வந்தது. கூடவே சாம்பார் மாதிரி தோற்றம் கொண்ட ஒரு பருப்புக் குழம்பும், சர்க்கரை போட்ட சட்னியும் வந்தன. அரைத்த மாவுக்குச் செய்த துரோகம். ஆனால் பக்கத்து மேசையில் ஒருவர் ரொட்டியை அடித்துக் கிழித்து மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டதைப் பார்த்து நானும் அதைக் கேட்டேன். அதைப் பற்றிக் கெடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. டீயை ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றி ஆற்றிக் கொடுத்தார்கள். நம் ஊரிலும்தான் ஆற்றுகிறோம். இங்கே அதற்கு வேடிக்கை பார்க்க வெள்ளைக்காரர் நிற்கிறார்.

அந்த மேசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து பாலத்துகிட்ட மோதுச்சே, அந்தக் காடி நம்பர் என்னா?"

"நான் பாத்தேன் லா. ஆனா சொல்ல மாட்டேன். எல்லாரும் அதையே எழுதிட்டா எனக்கு என்னா கெடைக்கும்?"

நாலு எண் லாட்டரியாம். எங்கேயாவது வண்டி மோதினால் முதலில் எண் பலகையைப் பார்ப்பார்களாம், பிறகுதான் உள்ளே இருப்பவரை. விசாரித்தபோது சர்வர் மிகச் சாதாரணமாக விளக்கினார். மூழ்கியவன் கரையேற வேண்டிய ஊர்தான் இது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கண்காட்சியில் எங்கள் மையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானமே மேசையை மூடிவிட்டுப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனேன். பெரிய வணிக வளாகம் ஒன்றின் மாடியில் காமிக்ஸ் கடை இருப்பதாக விசாரித்து வைத்திருந்தேன். போன மினி பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைப் பல்லவனில் தொங்கிப் பழகியவன் நான். அந்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என் செருப்பில் ஒன்று அடுத்த ஆள் காலில் இருந்தது.

கடைக்காரர் லிம் என்ற சீன இளைஞர். கடையில் ஏசி, விளக்கு, கண்ணாடி. ஒரு சுவர் முழுக்க எனக்குப் பிடித்த வகை: மண்டையோட்டு முகம், கிழிந்த இறக்கை, பல்லில் ரத்தம், கல்லறையிலிருந்து எழுந்து நியாயம் கேட்கிறவர்கள். எல்லாரையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முதுகுக்கு அட்டை வைத்து, வாயை ஒட்டியிருந்தார்கள். ரத்தக் காட்டேரிகூட அதற்குள் மூச்சு முட்டிச் செத்திருக்கும்.

ஒன்றை எடுத்து உறையைப் பிரிக்கப் போனேன். லிம் ஓடி வந்தார். நாங்கள் ஆங்கிலத்தில் பேசியது ஏறக்குறைய இப்படி:

"என்ன செய்கிறீர்கள்?"

"உள்ளே பார்க்க வேண்டும்."

"எதற்கு?"

"படிப்பதற்கு."

"திறந்தால் விலை போய்விடும், பாஸ். படிக்க வேண்டுமானால் கீழே பேப்பர் விற்கிறார்கள்."

முகர்ந்தாவது பார்க்கிறேன் என்றேன். மட்டக் காகிதத்தில் பழைய மையின் வாசம் எப்படி இருக்கும் என்பது என் தொழில். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அங்கே நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள், ஒரு இதழின் பின்னட்டையில் இருப்பது மடிப்பா நிழலா என்று பூதக்கண்ணாடி வைத்து வாதம் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கதையில் யார் சாகிறார்கள் என்று கேட்டேன். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. புத்தகம் சேர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இந்தக் கூட்டத்தைவிட, புத்தகத்தைக் கிழித்து வேர்க்கடலை மடிக்கிறவன் மேல். பொட்டலத்தில் இருப்பதை அவனாவது ஒருநாள் படித்துப் பார்ப்பான்.

மூழ்கியவன் பதின்மூன்று கேட்டேன். லிம்மின் முகம் மாறியது. தன்னிடம் இல்லை, இருந்தால் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருப்பேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கிள்ளானில் ஒரு ஆன்டி இருக்கிறார். அவரிடம் இருக்கிறது. ஆனால் பிரயோஜனமில்லை."

"ஏன்?"

"அவர் அதைப் படித்துவிட்டார்."

அந்தக் கடையில் நான் கேட்ட ஒரே நல்ல சேதி அதுதான். அங்கிருந்தே போன் போடச் சொன்னேன். மறுமுனையில் தமிழ்க் குரல். "நாளைக்கு வாங்க தம்பி. லீவு போட்டிருக்கேன், வீட்டுலதான் இருப்பேன்" என்றது. எதற்கு லீவு என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன்.

மூன்றாம் நாள் கிள்ளான் பஸ் பாதி வழியில், நெடுஞ்சாலை ஓரத்தில் புகை விட்டு நின்றது. நம் ஊராக இருந்தால் கண்டக்டரின் பரம்பரையே நடுரோட்டுக்கு வந்திருக்கும். இங்கே எல்லாரும் இறங்கி வெயிலில் வரிசையாக நின்றார்கள். ஒரு மலாய்க்கார அம்மா பையிலிருந்து எண்ணெயில் பொரித்த வாழைப்பழத்தை எடுத்து எல்லாருக்கும் நீட்டினார். இவ்வளவு பொறுமை உள்ள ஜனங்களுக்கு நல்ல பஸ் எப்படிக் கிடைக்கும்?

கிள்ளானில் வரிசை வீடுகள் இருந்த, தாமான் என்று அவர்கள் சொல்கிற ஒரு குடியிருப்பில் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் லாரி நின்றது. முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று, விளக்குக்குச் சந்தனம், கண்ணாடியில் குங்குமம், சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆயுத பூஜை. சரஸ்வதி பூஜை. வெளிநாட்டுக்கு வந்த மிதப்பில் தேதியை மறந்து, வருஷத்தில் புத்தகத்தைத் தொடக் கூடாத ஒரே நாளில் புத்தகம் படிக்க வந்து நின்றேன்.

கமலா அக்காவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட். கணவர் முனியாண்டி, வாசலில் நின்ற லாரிக்காரர். "வாங்க தம்பி, செருப்ப அங்கயே போடுங்க. சாப்டீங்களா?" என்றார் அக்கா. நாற்பது தாண்டி வழுக்கை விழுந்த என்னைத் தம்பி என்று கூப்பிட்டவரை உடனே பிடித்துப்போயிற்று.

"பதின்மூணு..." என்றேன்.

"சாமிகிட்ட இருக்கு."

சரஸ்வதி படத்தின் கீழே, பட்டுத் துணி விரித்து அடுக்கியிருந்தார். வெள்ளைப் புடவையில் வீணையோடு அம்மன் மேலே. அவள் காலடியில் ஓநாய் மனிதனும் எலும்புக்கூடு நீதிபதியும் தலையில்லாத குதிரைக்காரனும். எல்லாவற்றுக்கும் உச்சியில் மூழ்கியவன் பதின்மூன்று. நண்டுக் கண்ணுக்கும் நல்ல கண்ணுக்கும் நடுவில், நெற்றியில், ஒரு குங்குமப் பொட்டு. நாலு மூலையிலும் சந்தனம். லிம் பார்த்திருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்க வேண்டியிருக்கும்.

"அக்கா, ஒரு கால் மணி நேரம் குடுங்க. இங்கயே உக்காந்து படிச்சிட்டுப் போயிடறேன். நாளைக்கு மத்தியானம் எனக்கு பிளேன்."

"பூச போட்டாச்சே தம்பி. இன்னிக்கு எழுத்தத் தொடக் கூடாது. ஒங்க ஊர்ல இதெல்லாம் இல்லயா?"

இருக்கிறது. அங்கிருந்துதான் கப்பலேறி இங்கே வந்தது. சின்ன வயதில் அந்த ஒரு நாள் படிக்க வேண்டாம் என்பதற்காகவே சரஸ்வதியை மனதாரக் கும்பிட்டவன் நான். ஆனால் கணக்குப் புத்தகத்துக்குத்தானே அந்தச் சட்டம்?

"பேய்ப் புத்தகத்துக்குமா அக்கா?"

"எழுத்து இருக்குல்ல? நான் இங்கிலீசு படிச்சதே இதுலதான். ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தது ஒன்னும் மண்டையில ஏறல. ஆபீஸ்ல கப்பல்காரங்க விட்டுட்டுப் போறத எடுத்தாந்து, டிக்‌ஷனரி வச்சி ஒவ்வொரு வார்த்தையா படிச்சேன். இந்தப் பேய்ங்க இல்லன்னா எனக்கு இந்த வேல கெடச்சிருக்காது. வேற எத வச்சிக் கும்பிட சொல்றீங்க?"

பிளாஸ்டிக்குக்கு ஏசி போட்டு வைத்திருக்கிறவனிடமிருந்து தப்பி வந்தால் இங்கே சரஸ்வதியே காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள். அவனையாவது திட்டலாம்.

முனியாண்டி எனக்காக வாதாடினார். "வாயால சொல்லிடேன் கமலா. பாவம், இந்தியாவுலேருந்து வந்திருக்காரு. வாய்க்கு யாரும் பூச போடல."

"சொல்லலாம். கடைசில என்னான்னா..."

நான் காதைப் பொத்திக்கொண்டேன். உண்மையிலேயே இரண்டு கையாலும் பொத்தினேன். இத்தனை வருஷம் காத்திருந்துவிட்டுக் கடைசியில் காதால் கேட்டுவிட்டுப் போவதா? சினிமாவுக்குக் கதை சொல்கிறவர்களை வாழ்நாள் முழுக்க வெறுத்தவன் நான். அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, விட்டுவிட்டார். "அப்ப காலையில வாங்க. பூச முடிச்சி எடுத்துத் தரேன். இங்க ஒக்காந்துதான் படிக்கணும். குடுக்க மாட்டேன்."

சுண்டல், வடை, பாயசம் எல்லாம் கொடுத்தார்கள். சுண்டலில் நெத்திலி போடாமல் இருந்ததற்கு அன்றைய விரதம்தான் காரணம் என்றார் முனியாண்டி. பஸ் நிறுத்தம் வரை லாரியில் விடச் சொல்லலாமா என்று யோசித்தேன். லாரிக்கும் இன்று ஓய்வாம். வெயிலில் நடந்தேன்.

விஜயதசமி காலை, விடுதியைக் காலி செய்து, பெட்டியோடு டாக்சி பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். டாக்சிக்காரர் தமிழர். விமான நிலையத்துக்கு இது வழியில்லையே அண்ணே என்றார். ஒரு புத்தகம் படிக்கப் போகிறேன் என்றேன். அதன் பிறகு அவர் பேச்சே கொடுக்கவில்லை.

அக்கா தலைக்குக் குளித்து, கற்பூரம் காட்டி, அடுக்கின் உச்சியிலிருந்து பதின்மூன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "மொதல்ல ஒரு வரி சாமி முன்னால சத்தமா படிக்கணும். அப்பறம் நீங்க பாட்டுக்குப் படிங்க."

சரஸ்வதிக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் கட்டத்தில் இருந்த ஆங்கில வரியைச் சத்தமாகப் படித்தேன். பிணவறையின் ஈரத்தில் ஏதோ ஒன்று மூச்சு விட்டது என்பது அதன் பொருள். முனியாண்டி பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு நான் அங்கே இல்லை. கறுப்பு மை இரண்டு நூலளவு விலகி அச்சாகியிருந்தது. அதனால் மூழ்கியவனின் ஓரமெல்லாம் நடுங்கியது. என் கம்பெனி ஆட்கள் தள்ளுபடி செய்திருப்பார்கள். எனக்கு அதைவிட நல்ல அச்சு உலகத்தில் இல்லை என்று தோன்றியது. பெண்டாட்டியின் வீட்டுக்குப் போகிறான். அவள் விடவில்லை. கூட்டாளியின் கழுத்தைப் பிடிக்கிறான். அவனும் இல்லை. நாகராஜனும் தோற்றான், நானும் தோற்றேன். கடைசிப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் நுழைந்து சின்னக் கதவு ஒன்றைத் தள்ளுகிறான். உள்ளே வெளிச்சம். அவன் முகம் மட்டும் தெரிகிறது. "நீயா?" என்கிறான்.

அதன் கீழே, அடுத்த இதழில் முடியும் என்று போட்டிருந்தது.

பின்னட்டையைத் திருப்பினேன். உடம்பு தேற்றும் பவுடர் விளம்பரம்.

"அதான் நேத்தே சொல்ல வந்தேன்" என்றார் கமலா அக்கா. "நீங்க காதப் பொத்திக்கிட்டீங்க. கம்பெனி மூடிட்டான் தம்பி. பதினாலு கெடையாது. நானும் எவ்வளவோ கப்பல்காரங்ககிட்ட கேட்டுப் பாத்துட்டேன்."

அந்த விலைப் புத்தகத்துக்காரனை, பதின்மூன்றுக்கு மோட்டார் சைக்கிள் விலை சொன்ன லிம்மை, முடிக்கத் துப்பில்லாமல் கடையைக் கட்டிய அமெரிக்காக்காரனை, எல்லாரையும் வரிசையாகத் திட்டினேன். அக்கா திட்டி முடிக்கும்வரை காத்திருந்தார். கடைசியில் கோபம் தீர்ந்து, வேறு ஒன்றும் மிச்சமில்லாமல், நாகராஜனைப் பற்றிச் சொன்னேன். அவன் அண்ணனைப் பற்றியும் சொன்னேன். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. ஊருக்குப் போய் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கேட்டேன். அழுகை வரும் போல இருந்தது, ஒரு காமிக்ஸுக்காக.

"யாரும் வேணும்னு விடல தம்பி" என்றார் அக்கா.

"என்னக்கா?"

"கயிறு புடிச்சவன் தே தண்ணி குடிக்கப் போயிட்டான். பக்கத்துல இருந்தவன்கிட்ட புடிச்சிக்கடான்னு சொல்லிட்டுத்தான் போனான். அவன் காதுல விழல. அவ்வளவுதான். நானும் போர்ட்ல இத்தன வருசமா பாக்குறேன். எல்லாம் இப்படித்தான் நடக்கும். கெட்டவன் யாரும் இருக்க மாட்டான்."

முனியாண்டி தலையாட்டினார். இந்தக் கதையை அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"அந்தக் கதவத் தொறந்தா உள்ள கயிறு புடிச்சவன் ஒக்காந்திருக்கான். கெழவனாயிட்டான். அன்னைலேருந்து தே தண்ணியத் தொடல. இவன் அவனப் பாக்குறான். நெஞ்சுல கைய வைக்கத் தூக்குறான். அப்பறம் எறக்கிட்டு, திரும்பக் கடலுக்கே நடந்து போயிடுறான்."

நான் எத்தனையோ கதைகளின் முடிவை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். அன்று பதின்மூன்றை இரண்டு கையாலும் அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

முனியாண்டியே என்னை சுபாங் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார். பூஜைக்குப் பிறகு லாரியின் முதல் ஓட்டம். எலுமிச்சம்பழங்கள் சக்கரத்துக்குக் கீழே நசுங்கின. வாழைக்கன்று கட்டிய லாரியில் பயணியை இறக்கக் கூடாது என்று காவலாளி சண்டை போட்டார். "இன்னிக்கு மட்டும் லா, பாஸ்" என்று முனியாண்டி அவர் கையில் ஒரு பொட்டலம் சுண்டலைத் திணித்தார். எந்த நாட்டிலும் செல்லுபடியாகிற நாணயம் இதுதான் போல.

சென்னையில் நாகராஜன் காத்திருந்தான். வெளியே டீக்கடைக்கு இழுத்துப்போய் இரண்டு டீ சொன்னான்.

"புஸ்தகம்?"

"தரல. சாமி புஸ்தகமாம்."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"யாரு?"

சொன்னேன். கதவு, கிழவன், பக்கத்தில் இருந்தவன் காதில் விழாதது, எல்லாவற்றையும் அக்கா சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அவன், இவ்வளவு மட்டமான முடிவா என்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன்.

"டீ குடிக்கவா போனான்?"

"ஆமா."

"வேணும்னு விடல."

"இல்ல."

"கடைசிப் பக்கத்துல அப்படியே போட்டிருக்கா? படத்தோட?"

"படத்தோட போட்டிருக்கு."

எதிரில் இரண்டு கிளாஸும் ஆறிக்கொண்டிருந்தன. நாகராஜன் தன்னுடையதை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். பிறகு குடித்தான்.